பரீட்சைக்கு வந்த நோயாளி

என் தம்பியை வீட்டில் எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். ஆனால் நடிப்பு என்று வந்தால் படு மோசம். காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக்கூட அவனுக்கு வராது, பாதியிலேயே சிரித்துவிடுவான். அப்படிப்பட்டவனை டாக்டர் பரீட்சையில் நெஞ்சுவலிக்காரனாக நடிக்கக் கூப்பிட்டேன் என்றால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. வருவதாகச் சொன்ன நாடகக்காரர், தொண்டை கட்டிவிட்டது என்று காலையில் போன் செய்துவிட்டார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சை என்றால் ஒரு வாசல், ஒரு ஸ்ட்ரெச்சர், அந்த நேரத்தில் யார் கையில் மாட்டினாரோ அந்த டாக்டர். அவ்வளவுதான் இருந்தது. அதை ஒரு படிப்பாக, ஒரு துறையாக ஆக்கியே தீருவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கடல் தாண்டி ஒரு மருத்துவக் கல்லூரி கைகொடுத்தது. பாடத்திட்டம், பயிற்சிக்கான மனித பொம்மைகள், கேமரா, மானிட்டரை ஓட்டும் கணினி எல்லாம் அவர்கள் கொடுத்தவை. அன்று முதல் பேட்சுக்கு இறுதிப் பரீட்சை. இந்த மாணவர்கள் தேறினால்தான் துறைக்கு அங்கீகாரம்.

அந்தக் கல்லூரிப் பேராசிரியர் சுவரில் மாட்டிய பெரிய திரையில் இருந்தார். அங்கே அவர் ஒரு பொத்தானைத் தட்டினால் இங்கே நோயாளியின் தலைமாட்டில் உள்ள மானிட்டரில் நாடித்துடிப்பு ஏறும், இறங்கும். நோயாளியின் மார்பில் ஒட்டிய வயர்கள் எதனுடனும் சேர்ந்திருக்காது. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமென்றால் பட்டையைச் சுற்றுவதுபோல் மாணவர் பாவனை செய்வார், எண்ணை நான் சொல்வேன். எல்லாருக்கும் ஒரே கேள்வியாக இருக்க வேண்டுமே, அதற்காக இந்த ஏற்பாடு.

நோயாளி பேச வேண்டிய வசனத்தை நான்தான் எழுதினேன். "நெஞ்சுல ஆள் ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்பது ஒன்று. "நிஜமாவே வலிக்குதுங்க, நம்புங்க" என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை வேண்டுமென்றே வைத்தேன். வெறும் வாயு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே சுருண்டு விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கெஞ்சுகிறவரை நம்புகிறார்களா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ரேடியோ நேரத்துக்கு வந்துவிட்டான். நோயாளிகள் போடும், முதுகுப்பக்கம் திறந்த பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"அக்கா, பின்பக்கம் பூரா காத்தாடுது. என் மானம் கப்பலேறப் போகுது."

"உன் முதுகை யாருடா பாக்கப் போறா. வசனம் ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் தலைகீழா சொல்வேன். படி ஏறினதுல மூச்சு வாங்குது. அதையும் நடிப்புல சேத்துக்கோ."

"முதல்ல தொப்பையைக் குறை" என்று அவன் தலையில் தட்டிவிட்டு நகர்ந்தேன். எனக்குத் தலைக்கு மேல் வேலை.

முதலில் வந்தவள், கூடப் படிப்பவர்கள் மின்னல் என்று பெயர் வைத்திருந்த பெண். நடையும் அப்படி, மூளையும் அப்படி. அவள் வணக்கம் சொல்லிக் கட்டிலருகே போனபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ரேடியோ என்னமாய் நடிக்கிறான்! முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. இதற்கென்றே நர்ஸம்மா வைத்திருக்கும் பாட்டில் தண்ணீர் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சைக் கையால் அழுத்தியபடி, "ஆள் ஏறி உக்காந்த மாதிரி" என்று திக்கித் திணறிச் சொன்னான்.

"இவரை எங்கே பிடித்தீர்கள்?" என்று பேராசிரியர் என் காதில் மாட்டியிருந்த கருவியில் கேட்டார். "எங்களிடம்கூட இப்படி ஒரு நடிகர் இல்லை."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தம்பி என்று சொல்ல வாய் துடித்தது.

அப்போது அவன், "அக்கா" என்றான்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பரீட்சை அறையில் நான் அக்கா இல்லை என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மின்னல் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். "நீங்க தொடருங்க" என்றேன்.

"அக்கா, நிஜமாவே வலிக்குதுக்கா. நம்பு."

நான் எழுதிய வரி. அதில் அக்காவை ஒட்டவைத்துக் கெடுக்கிறானே என்று கண்ணாலேயே அவனை அதட்டினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"ரத்த அழுத்தம் எவ்ளோ மேடம்?" மின்னல் வெறும் பட்டையைப் பிடித்தபடி கேட்டாள்.

"நூத்திப் பத்து, எழுபது" என்றேன்.

மானிட்டர் சீராகச் சத்தம் போட்டது. கதவு திறந்தது. நர்ஸம்மா பாட்டிலோடு உள்ளே வந்து என் காதருகே, "மன்னிச்சுக்கோங்க மேடம், வார்டுல மாட்டிக்கிட்டேன். இப்ப வேர்வைத் தண்ணி தெளிச்சுடட்டுமா?" என்றாள்.

"இன்னும் தெளிக்கலையா?"

"இல்லையே மேடம். இப்பத்தான் நிரப்பிட்டு வர்றேன்."

பாய்ந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். சில்லென்று, ஈரமாக இருந்தது. நாடி இல்லை. கழுத்திலும் இல்லை. மானிட்டரில் மட்டும் அவன் இதயம் அழகாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க! இது நிஜம்!" என்று கத்தினேன்.

ஒருவரும் அசையவில்லை. பரீட்சையில் நடுவே குண்டைத் தூக்கிப் போடுவது எங்கள் வழக்கம். மின்னல் நிதானமாக, "நோயாளிக்கு நினைவு தப்பிடுச்சு, நாடி இல்ல, உதவிக்கு ஆள் கூப்பிடுறேன்" என்று மார்க்குக்காக உரக்கச் சொன்னாள். திரையில் பேராசிரியர் தலையாட்டி ஒரு பொத்தானைத் தட்டினார். மானிட்டரில் கோடு நேராக ஓடியது. நான் சொன்னதற்கு ஏற்றபடி கதையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், பாவி மனுஷன்.

கட்டிலில் ஏறி அவன் நெஞ்சை அழுத்தினேன். பொம்மையை இல்லையே, மனுஷனை அழுத்துகிறேன். என் கைக்கடியில் விலா எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் மின்னலுக்கு விளங்கியது. பேயறைந்த மாதிரி ஒரு கணம் நின்றாள். அடுத்த கணம் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை இழுத்தாள். பிறகு அதை உதைத்துத் தள்ளினாள். அது பயிற்சிக் கருவி, மின்சாரம் வராது. நிஜக் கருவி கீழ்த்தளத்து வார்டில் இருந்தது. வெளியே தன் முறைக்குக் காத்திருந்த மாணவன் ஒருவன் படியில் உருண்டு விழாத குறையாக ஓடினான்.

அது வந்ததும் மின்னல் என் தோளைப் பிடித்து இறக்கினாள். "மேடம், தள்ளுங்க. இப்ப நீங்க டாக்டர் இல்ல, நோயாளியோட அக்கா."

வெளியே ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உள்ளே அவள் குரல் கேட்டது. ஒரு பிசிறில்லாமல் கட்டளை மேல் கட்டளை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெகுநேரம் கழித்து வந்தாள். என்னைப் பக்கத்திலிருந்த சின்ன அறைக்குக் கூட்டிப் போனாள். கதவைச் சாத்தினாள். போனை அணைத்தாள். நாற்காலியை இழுத்து, என் கண்ணுக்கு நேராக அவள் கண் இருக்கும்படி உட்கார்ந்தாள். உறவினரிடம் செய்தி சொல்வது எப்படி என்று நான் நடத்திய பாடம் அது.

"உங்களுக்கு இதுவரைக்கும் என்ன தெரியும் மேடம்?"

நான் சாத்திய கதவையே பார்த்தேன்.

"ஒரு கஷ்டமான செய்தி சொல்லணும்."

அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். சுற்றி வளைக்கக் கூடாது. நடந்ததை நடந்த வார்த்தையால் சொல்ல வேண்டும்.

"உங்க தம்பி இறந்துட்டார்."

அதன் பிறகு வாயே திறக்கக் கூடாது, அவர்களாகப் பேசும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து மோவாயிலிருந்து சொட்டியது, அதைத் துடைக்கக்கூட இல்லை.

நான் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் நடிக்கிறாம்மா. பரீட்சை முடிஞ்சுடுச்சுன்னு போய்ச் சொல்லு. எழுந்துடுவான்."