வாசுகி டீச்சருக்கு மிஞ்சிய வார்த்தை

விருத்தாசலத்தில் வாசுகி டீச்சரிடம் படித்தவர்கள் கெட்ட வார்த்தையே பேசமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசுவதற்கு முன்னால் ஒருதரம் பின்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். டீச்சர் அடிக்கிற ஆள் இல்லை. வகுப்பில் எவன் வாயிலாவது வசவு வந்துவிட்டால், மேசைக்கடியிலிருந்து உப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுவார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார வேண்டும். அதனால் அவருக்கு உப்புத்தண்ணி டீச்சர் என்று பெயர். அந்தப் பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரைண்டரில் மாவை வழித்துக்கொண்டிருந்தபோது டீச்சரின் வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் தொங்கியது. அப்புறம் காலும் தொங்க, அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்துவிட்டார். புருஷன் தேவநாதன் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்கிற சின்ன கம்பெனி வைத்திருப்பவர். பட்டறை வேனிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரிக்கு ஓடினார். உயிர் பிழைத்தது. கால் சீக்கிரம் தேறியது. கை பாதி தேறியது. பேச்சுதான் போன இடம் தெரியவில்லை.

எல்லாம் காதில் விழுந்தது, எல்லாம் புரிந்தது. பெரிய டாக்டர் வந்து, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டபோது வாசுகி என்ற பெயர் டீச்சரின் மனசுக்குள் பளிச்சென்று இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"மயிரு" என்றார்.

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தேவநாதன், தன் மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். டீச்சர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, விளக்கம் சொல்ல மறுபடியும் வாயைத் திறந்தார். மறுபடியும் அதேதான் வந்தது. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த தமிழ் அத்தனையும் போய், இது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. காபி வேண்டுமா என்றால் அது. கால் வலிக்கிறதா என்றால் அது. சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று ஊரில் பலருக்கு ஆச்சரியம். டீச்சருக்கு ஆச்சரியமே இல்லை. வாயால் ஒருநாளும் சொன்னதில்லை என்பது உண்மை. மனசுக்குள் சொல்லாத நாள் இல்லை. ஆசிரியர் கூட்டங்களில் மட்டும் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்பது அவருக்கும் முருகனுக்கும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்களால் தொல்லை கூடியது. கல்வித்துறை அதிகாரி ஒருத்தர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மன உறுதி என்றால் என்ன என்று ஒரு பாடம் நடத்தினார். அவருடைய கொழுந்தியாளுக்கு வந்த பக்கவாதம், அவருக்கே வந்திருக்க வேண்டிய பக்கவாதம், கடவுளின் சோதனை என்று அது நீண்டுகொண்டே போனது. போயிட்டு வாங்க என்று கும்பிட டீச்சர் இடது கையைத் தூக்கினார். "போ" வரைக்கும் சரியாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு "டா" வந்தது. அதற்கும் பிறகு வர வேண்டியது வந்தது. மற்ற நேரத்தில் நினைப்பு ஒன்றும் வாய் ஒன்றுமாக இருந்தது என்றாலும், அந்த ஒரு தடவை இரண்டுக்கும் ரொம்ப தூரம் இல்லை.

கொளஞ்சியப்பர் சந்நிதியிலும் விபூதி வாங்கும்போது ஒருதரம் சொல்லிவிட்டார். அதோடு வாயைத் திறப்பதையே நிறுத்திக்கொண்டார். யார் என்ன கேட்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்து வீட்டு ராஜாம்பாள்தான், ஜங்ஷன் ரோட்டில் செல்போன் கடைக்குப் பின்னாடி ஒரு பொண்ணு பேச்சுப் பயிற்சி குடுக்குது, கைக்கும் பயிற்சி குடுக்குது, புள்ளைங்களும் வருது பெரியவங்களும் வராங்க என்று தேவநாதனிடம் சொல்லி அங்கே அனுப்பினாள்.

அந்தப் பெண் சண்முகப்ரியா. திட்டக்குடிக்காரி. வாரத்துக்கு ஒருநாள் கடலூரிலிருந்து கைப்பயிற்சிக்கு ஒரு அம்மா வருவார். மற்ற நாளெல்லாம் இவள்தான். முதல் நாள் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவநாதன் பெயர், வயசு, வேலை, சாப்பாடு எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்தார். சண்முகப்ரியா அவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"வாயத் தொறங்க டீச்சர். எது வருதோ வரட்டும். நான் திட்டு வாங்காத ஆளு இல்ல."

டீச்சர் நெடுநேரம் யோசித்துவிட்டுத் திறந்தார். வந்தது. அவள் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. ஏதோ நல்ல சேதி கேட்டவள் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"குரல் இருக்குது, மூச்சு இருக்குது, நாக்கு மடங்குது. ம, யி, ரு. மூணு எழுத்து சுத்தமா வருது. இங்க ஒரு எழுத்துக்கே மாசக்கணக்கா முட்டிக்கிட்டு இருக்கோம், தெரியுமா?"

திட்டு, பாட்டு, எண்ணிக்கை மாதிரி பழக்கத்தில் வருகிறவை மூளையில் வேறு இடத்தில் இருப்பதால் பல பேருக்கு அவை தப்பித்துக்கொள்ளும் என்று விளக்கினாள். இதை நிறுத்த மருந்து ஏதும் உண்டா என்று தேவநாதன் கேட்டார். நிறுத்த வேண்டியது இதை இல்லை, தேவநாதனின் பேச்சைத்தான் என்று அவள் பதில் சொன்னாள். டீச்சர் வாயைத் திறந்தால் முடிக்கும்வரை அவர் குறுக்கே வரக்கூடாது. தேவநாதன் சரி என்றார். சொன்ன கையோடு டீச்சருக்குத் தாகமாக இருக்கும் என்றும் சொன்னார்.

அப்படித்தான் பயிற்சி தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சண்முகப்ரியா சொல்லச் சொல்ல டீச்சரும் கூடவே போவார். நாலில் நின்றால் அஞ்சு தானாக வரும். ஆனால் அஞ்சை மட்டும் தனியாகச் சொல்லுங்க என்றால் பழைய வார்த்தைதான் வரும். கைக்கு, தேவநாதன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பீங்கான் களிமண். வலது கையால் பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டும். பிடித்து முடிப்பதற்குள் விரல் மரத்து, உருண்டை தரையில் போய் விழும். டீச்சர் அதைப் பார்த்து ஒன்று சொல்வார். அப்போது சொல்வது தவறி வருவதில்லை.

மேசையின் எதிர்ப்பக்கம் இளமதி உட்காருவாள். அடுத்த வருஷம் ஒன்றாவது போக வேண்டிய பெண். காது நன்றாகக் கேட்கும். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு சொல் பேசியதில்லை. வேண்டியதைக் காட்டக்கூட மாட்டாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். கம்மாபுரத்திலிருந்து அம்மா அன்பரசி பஸ்ஸில் கூட்டி வருவாள். அந்தக் குழந்தைக்குக் களிமண் பிடித்திருந்தது. களிமண்ணைவிட டீச்சரின் வாய் பிடித்திருந்தது. உருண்டை விழும்போதெல்லாம் டீச்சரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வியாழக்கிழமை டீச்சரின் உருண்டை விழவில்லை. இளமதியின் உருண்டை விழுந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

"மயிரு" என்றாள்.

அறையில் இருந்த எல்லோரும் குழந்தை பக்கம் திரும்பினார்கள். அன்பரசி ஓடிவந்து குழந்தையை மடியில் அள்ளிக்கொண்டு, இன்னொரு வாட்டி சொல்லு சாமி, இன்னொரு வாட்டி சொல்லு என்று கெஞ்சினாள். குழந்தை தாராளமாகச் சொன்னாள். அன்பரசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது. டீச்சர் மட்டும் களிமண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். உப்புத் தண்ணீர் கொடுத்தே பேர் வாங்கியவர், ஒரு குழந்தைக்கு முதல் வார்த்தையாக இதையா கொடுத்தோம் என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் குழந்தையின் அப்பா காத்தவராயன் வண்டியில் வந்து இறங்கினான். நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஊர் நிலத்தை எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே வாயில் வசவு ஊறிப்போன ஆள். சண்முகப்ரியாவின் மேசை முன்னால் நின்றுகொண்டு, உள்ளே இருந்த டீச்சருக்கும் கேட்கட்டும் என்றே பேசினான்.

"பேச்சு சொல்லிக் குடுங்கன்னுதான அனுப்புனேன்? இதைத்தான் சொல்லிக் குடுப்பீங்கன்னா நான் வூட்லயே சொல்லிக் குடுத்திருப்பேனே."

அதோடு இளமதி வரவில்லை. சண்முகப்ரியா போன் செய்தாள், எடுக்கவில்லை. டீச்சர் தினமும் எதிர் நாற்காலியைக் கையால் காட்டிக் கேட்பார். அவளும் உதட்டைப் பிதுக்குவாள்.

இதற்கிடையில் சண்முகப்ரியா ஒரு வேலை செய்தாள். மயிலின் படம் ஒன்றை ஒட்டிவைத்து, வருகிற வார்த்தையில் முதல் இரண்டு எழுத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி எழுத்தை மட்டும் மாற்றுவோம் என்றாள். ம, யி, நிறுத்துங்க. நாக்கை மேலே வையுங்க. ல். டீச்சர் "மயி" என்று நிறுத்தி, பல் வலிக்கிற அளவுக்கு நாக்கை அழுத்தி, முழுசாக மூச்சைப் பிடித்து, கடைசியில் "ரு" என்று விடுவார். மயில் அசையவே இல்லை.

ஒருநாள் டீச்சர் பயிற்சி முடிந்ததும் எழுந்து, கம்மாபுரம் போகிற திசையைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டார். தேவநாதனுக்குப் புரிந்தது. நீ எதுக்கு, நானே போயி பேசிட்டு வரேன் என்றார். டீச்சர் முறைத்தார். அந்த முறைப்புக்குப் பக்கவாதம் வரவில்லை. மன்னிச்சிடுங்க என்பது நீளம் என்று சண்முகப்ரியா "தப்பு" என்ற ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் பழகி, பத்துக்கு நாலு தரம் வரும் என்ற நிலைமையில் கிளம்பினார்கள். ஸ்கூட்டரில் பின்னால் சரிந்துவிடுவார் என்று ஒரு துண்டால் டீச்சரைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார் தேவநாதன். கல்யாணத்தில்கூட இவ்வளவு இறுக்கமாகக் கட்டவில்லை.

காத்தவராயன் வாசலில் வண்டியைச் சாய்த்துப் போட்டு, கை முழுக்க கிரீஸோடு செயினை மாட்டிக்கொண்டிருந்தான். அன்பரசி பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். டீச்சர் உட்காரவில்லை.

"டீச்சர் என்னா சொல்ல வராங்கன்னா..." என்று தேவநாதன் ஆரம்பித்தார்.

டீச்சர் இடது கையால் அவர் வாயைப் பொத்தினார். பொத்திய கையை எடுக்காமலே காத்தவராயனைப் பார்த்தார். "த" என்றார். மூச்சு வாங்கினார். "த... த..." என்றார். நெற்றி வேர்த்து ஒழுகியது. கடைசியில் அந்த வாசலில், தெருவில் போன நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, தெளிவாகச் சொன்னார். தப்பு என்ற சொல்லை அல்ல.

காத்தவராயன் ஸ்பானரோடு எழுந்து நின்றான். தேவநாதன் கண்ணை மூடிக்கொண்டார். அன்பரசிதான் பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது.

"காலைலேருந்து அந்த வண்டியப் பாத்து நீங்க எத்தினி வாட்டி சொன்னீங்க? அந்தம்மா இவ்ளோ தூரம் வந்து, கஷ்டப்பட்டு, ஒரே வாட்டிதான் சொல்லியிருக்காங்க. அதுவும் வேற எதையோ சொல்லத்தான்."

பிறகு டீச்சரிடம் திரும்பி, அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இவர் குழந்தை வாயில் ஒரு அடி வைத்தார், அதிலிருந்து அந்த ஒரு வார்த்தையும் நின்றுபோனது, இப்போது களிமண்ணைக் கொடுத்தாலும் தொடுவதில்லை என்றாள். காத்தவராயன் கிரீஸ் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சருக்கு, இதற்குத்தான் வந்தோமா என்று இருந்தது. அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வாசல் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து இளமதி வந்தாள். அப்பாவைச் சுற்றிக்கொண்டு, தள்ளியே நடந்து வந்து, டீச்சரின் பாதி தேறிய வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அமுக்கினாள். டீச்சரின் உதட்டைப் பார்த்தாள். பிறகு ரகசியம் மாதிரி, மெல்ல, அந்த வார்த்தையைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பி அப்பாவைப் பார்த்து, கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பிஞ்சுக் கை வாய்க்குப் போனதைக் காத்தவராயன் பார்த்தான். முன்னால் வந்து, கிரீஸ் படாமல் முழங்கையால் அந்தக் கையை மெதுவாக விலக்கினான்.

"சொல்லட்டும்" என்றான். டீச்சர் பக்கம் திரும்பினான். "எதுனா சொல்லட்டுங்க."

அடுத்த திங்கட்கிழமை அவனே வண்டியில் கொண்டுவந்து விட்டான். மயில் முதலில் வந்தது இளமதிக்குத்தான். சண்முகப்ரியா டீச்சருக்குப் படத்தைக் காட்ட, பக்கத்திலிருந்தவள் அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போனாள். டீச்சருக்கு ரோஷம் வந்தது. பத்து நாளில் அவரும் சொன்னார். அதற்குப் பிறகு இளமதி "வேணாம்" என்பதைக் கற்றுக்கொண்டு சாப்பாடு, குளியல், அப்பாவின் முத்தம் எல்லாவற்றுக்கும் அதையே சொல்ல ஆரம்பித்தாள். பேசாம இருந்தப்ப எவ்வளவு நிம்மதி என்று அன்பரசி பயிற்சி அறையில் உட்கார்ந்து எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

டீச்சர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. வகுப்பில் நின்று பாடம் நடத்துகிற பேச்சு இனி வராது என்று சண்முகப்ரியா மறைக்காமல் சொல்லிவிட்டாள். டீச்சர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்து "சோறு" என்றார். தேவநாதன் குழம்பை ஊற்றிக்கொண்டே குழம்பின் பெயரைச் சொல்லப்போய், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மீன் வாங்கப் போனார்கள். மீன்காரம்மா கனகா ஒரு சங்கராவைத் தூக்கிக் காட்டி, இப்பத்தான் கடலூர்லேருந்து வந்து எறங்குச்சு என்றாள். டீச்சர் குனிந்து இடது கையால் செவுளைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இது" என்றார். கனகா காத்திருந்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தேவநாதன் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"இது... நேத்து... மீனு."

கனகா சத்தியம் செய்தாள், சண்டைக்கு வந்தாள், தன் மாமியார் மேல் ஆணையிட்டாள். டீச்சர் நகரவில்லை. கடைசியில் அவள் முணுமுணுத்துக்கொண்டே ஐஸ் பெட்டியின் அடியில் கையை விட்டு வேறு மீனை எடுத்துப் போட்டாள்.