மேற்குக் கரையில் வரையாடு இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் என்னுடையது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி, ஓரிக்கையைத் தாண்டியிருக்கும் ஓர் ஏரிக்கரை ஊருக்கு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதிக் கொடுத்தேன். ஊரில் என்னென்ன செடி, மீன், பறவை இருக்கின்றன, அவற்றை நம்பி யார் பிழைக்கிறார்கள் என்று ஊராரைக் கேட்டு எழுத வேண்டிய புத்தகம். நான் யாரையும் கேட்கவில்லை. ஏதோ ஒரு மலைக்கிராமத்தின் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன். ஏரிக்கு மட்டும் சொந்தமாக ஒரு வரி: 'குறிப்பிடத்தக்க உயிரினம் ஏதுமில்லை.' அதைச் சரிபார்க்க வேண்டிய ஊர்க் குழு உறுப்பினர்களின் கையெழுத்தையும் நானே போட்டேன்.

(எனக்குக் கற்பனை போதாது என்பவர்கள் அந்தப் பதிவேட்டைப் படித்ததில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பாலாற்றின் மேல் பொன்வெயில் படரும் வேளையில் நதியா...'

வேண்டாம். நதியா வெயிலைப் பார்க்கவில்லை. ஏரியின் மேற்குக் கரையில், முழங்கால் தண்ணீரில் குனிந்து ஆரைக்கீரை பறித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. கீரையையும் கொட்டிக்கிழங்கையும் சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் விற்றே மகளை நர்சிங் படிக்க வைத்தவள். நிலமில்லாத இருபது குடும்பங்களுக்கு மேற்குக் கரைச் சேறுதான் நிலம்.

அந்த ஏரிக்கு மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஏரி முழுவதையும் ஆழப்படுத்தி, சுற்றிலும் செங்குத்தாகக் கான்கிரீட் சுவர், மேலே நடைபாதை, விளக்கு. இறங்க வழியில்லை.

3

கிராம சபையில் நதியா எழுந்தாள்.

"சுவர் வெச்சிட்டா நாங்க எங்க சார் எறங்கறது?"

திட்டப் பொறியாளர் பொறுமையானவர்தான். "ஏரியில ஒண்ணும் இல்லன்னு உங்க பதிவேட்டுலயே இருக்குதும்மா. நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க."

அவள் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். உறுப்பினர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அப்படியொரு குழு இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"இது என் கையெழுத்து இல்ல சார். சரி, இந்த வரையாடு யாரு வூட்டு ஆடு?"

கூட்டம் சிரித்தது. வரையாடு மலையுச்சிப் பாறைகளில் வாழும் விலங்கு; அவசரத்தில் நான் நீக்க மறந்தது. நதியா சிரிக்கவில்லை. விவசாயி ஆனந்தராஜும் சிரிக்கவில்லை.

"உன் கீரைக்காக ஏரிய ஆழப்படுத்த வேணாம்ன்றியாமா? தண்ணி நின்னாத்தான் எனக்கு நெல்லு."

"வேணாம்னு சொல்லல. பாத்துட்டு வெட்டுங்கன்றேன்."

சரியான பதிவேட்டைக் கொண்டுவர ஒரு மாதம் கொடுத்தார்கள்.

4

எழுதியது யார் என்று விசாரித்துக்கொண்டு நதியா என் வீட்டுக்கே வந்துவிட்டாள். 'அவள் கண்களில் தீ' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் கண்களில் தூக்கமின்மைதான் இருந்தது.

"நீங்கதானே எழுதனது?"

"ஆமாம்."

"வாங்க. வந்து எறங்குங்க."

(இந்த இடத்தில் என் மனமாற்றத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. படித்துப் பார்த்தால் கதாநாயகன் நானாகியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

பதினோரு நாள் சேற்றில் நின்றோம். பெண்கள் சொன்னார்கள், நான் எழுதினேன்: எந்தக் கீரை எந்த மாதம், குறவை மீன் எந்தப் புல்லடியில் முட்டையிடும், பிரசவமானவளுக்கு எதைக் கொடுப்பார்கள். ஐந்தாம் நாள் ஆனந்தராஜ் சண்டைக்கு வந்தார். நதியா கரைக்கு அப்பால் அவருடைய நாற்றங்காலைக் காட்டினாள். நாரையும் கொக்குமாக நாற்றை வெட்டும் நண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

"உங்க வயல்ல தின்னுட்டு இங்கதான் வந்து நிக்குது. ஆழத்துல நிக்குமா அது?"

ஆனந்தராஜ் கொக்குகளைப் பார்த்தார். "நண்டுக்கு மருந்து வெச்சி வெச்சி மண்ணே செத்துப்போச்சி," என்றார். பிறகு செருப்பைக் கழற்றினார். மதகுப் பக்கம் எவ்வளவு ஆழம் வெட்டினால் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று அவரே கோல் நட்டு அளந்தார்.

5

இரண்டாம் கிராம சபை. நதியா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மொதல்ல நீங்க பண்ணத சொல்லுங்க."

சொன்னேன். யாரும் கைதட்டவில்லை; ஒரு பெண் எழுந்து என்னைத் திட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பிறகு நதியா நூற்று நாற்பத்திரண்டு உயிர்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் வாசித்தாள். அவள் கேட்டது இதுதான்: மதகுப் பக்கம் ஆழமும் சுவரும். மேற்கே சரிவான சேற்றுக்கரை அப்படியே இருக்கட்டும். ஆனந்தராஜ் வழிமொழிந்தார். தீர்மானம் நிறைவேறியது. "வரைபடத்த மாத்த மேல ஒப்புதல் வேணும்," என்றார் பொறியாளர். இம்முறை அவரும் குறித்துக்கொண்டார்.

6

முடிவுகள்.

அ) ஒப்புதல் வருகிறது. (எழுத ஆசையாக இருக்கிறது.)

ஆ) ஒப்புதலுக்கு முன்பே இயந்திரம் வருகிறது, பெண்கள் குறுக்கே... (இதுவும் நடக்கலாம். முடிக்க மனம் வரவில்லை.)

இரண்டையும் நதியாவிடம் படித்துக் காட்டினேன். கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் நடக்கவே இல்லியே. அதுக்குள்ள எதுக்கு எழுதறீங்க?"

"கதைக்கு ஒரு முடிவு வேணுமேம்மா."

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கப் போறோம். ஆனந்தராஜ் அண்ணன் ரெண்டு வண்டி சொல்லியிருக்காரு. படிக்கிறவங்க சும்மா படிச்சிக்கினு இருக்க வேணாம், அவங்கள வரச் சொல்லி எழுதுங்க."

எழுதிவிட்டேன். திங்கட்கிழமை காலை எட்டு மணி, மேற்குக் கரை. வண்டியில் இடமிருக்கிறது.