கண்ணை மூடாத ஜெபம்

...கண்ணை மூடச் சொன்னால் உடனே மூடிவிட வேண்டுமா, மற்றவர்கள் மூடட்டும், மூடித்தானே இருக்கிறார்கள், மருமகள் மூடிவிட்டாள், தரகர் இமை சுருங்க இறுக்கி மூடிவிட்டார், பாஸ்டர் மோவாயைத் தூக்கிக் கூரைக்குக் காட்டியபடி மூடியிருக்கிறார், கட்டிய மனைவி தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு இவர்கள் எல்லோருக்கும் முன்னாலேயே மூடிவிட்டாள், ஒரு வீட்டில் ஒருத்தனாவது விழித்திருக்க வேண்டாமா? கிழவர் சோபாவின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, நான்கு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிபட்ட காரை நிமிர்த்துகிற வேலை அவருக்கு. புதுப் பெயின்ட் பளபளவென்று இருந்தால் வாங்க வந்தவன் அதில் முகம் பார்ப்பான், அவர் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், தகரமாக இருந்தால் கணீரென்று கேட்கும், பள்ளத்தில் பட்டி பூசி மறைத்திருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். மனிதர்களையும் அப்படித் தட்டிப் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்... இந்த பாஸ்டரை எங்கே தட்டுவது? போன மழையில் அவர் காரின் முன்பக்கம் நசுங்கிப் பட்டறைக்கு வந்தது, சொன்ன தொகையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார், அன்றைக்கே கிழவருக்கு உறுத்தியது, பேரம் பேசாமல் காசு கொடுக்கிறவனை எப்படி நம்புவது, அவன் வேறு எங்கேயோ கணக்கு வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்.

பட்டறை. எல்லாம் அந்தப் பட்டறையில்தான் வந்து நிற்கிறது. பாஸ்டரின் இந்தச் சபை ஒரு செருப்புக்கடை மாடியில் வாடகை அறையில் நடந்த நாளை அவர் பார்த்திருக்கிறார், அப்போது பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட ஆளாளுக்கு வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள், இப்போது பார்த்தால் நாலு மாடிக் கண்ணாடிக் கட்டிடம், உள்ளே போனால் குளிரில் பல் கிட்டுகிறது, வாசலில் விசில் ஊதிக் கார் நிறுத்த ஓர் ஆள், ஆனால் கார் நிறுத்தத்தான் இடம் இல்லை, கட்டிடத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது இவருடைய தகரக் கொட்டகை. ஒரே ஒரு சுவர்தான் இடையில். அவர் சுத்தியலால் தகரத்தைத் தட்டினால் அங்கே பாட்டு தாளம் தப்பும். அந்த இடத்தை யார்தான் கேட்க மாட்டார்கள்? இந்தத் தரகர் ஊர் நிலத்தையெல்லாம் விற்றுச் சம்பாதித்துவிட்டு மனம் திரும்பிச் சபையில் மூப்பராகிவிட்டார், மனம் திரும்பியது சரி, கண் திரும்பியதா? ஒரு நாள் பட்டறைக்குள் வந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சீராக அடிவைத்து நடந்தார், என்னப்பா செய்கிறாய் என்றதற்கு, சும்மா காலாற நடந்தேன் என்றார். டாக்டர் சொன்னார் என்று வேறு சேர்த்துக்கொண்டார். காலாற நடக்க அந்த எண்ணெய்ப் பிசுக்குதான் கிடைத்ததாக்கும்.

இடமோ மனைவி பெயரில் இருக்கிறது. அவள் நகையை விற்று வாங்கியது, அவள் பெயரில் எழுதியதுதான் நியாயம், அதில் அவருக்கு மறுப்பு இல்லை, ஆனால் நகை அவளுடையது என்றால் முதுகு யாருடையது, வெயிலில் காரின் அடியில் மல்லாந்து கிடந்த முதுகு? இத்தனை நாள் இதையெல்லாம் பிரித்துப் பேச வேண்டியிருக்கவில்லை. போன வாரம் சபையில் ஒப்புக்கொடுத்தலைப் பற்றிப் பேசினார்களாம், எதை நீ இறுக்கிப் பிடித்திருக்கிறாயோ அதுதான் உன்னைப் பிடித்திருக்கிறது, அதை விட்டால்தான் ஆவிக்குரிய முதிர்ச்சி என்றாராம் பாஸ்டர், மருமகள்தான் வந்து சொன்னாள், அத்தை ரொம்ப அழுதாங்க மாமா என்று. அதற்குப் பிறகு மனைவியின் பேச்சே குறைந்துவிட்டது. வழக்கமாகக் குளித்தீர்களா, மாத்திரை போட்டீர்களா, சட்டையை மாற்றுங்கள் என்று நாள் முழுக்க ஓடுகிற வாய். தரகரும் தெருவில் பார்த்தபோது, அக்கா இப்ப நல்லா முதிர்ச்சி அடைஞ்சிட்டாங்க என்று பல்லைக் காட்டினார், முதிர்ந்ததைத்தானே பறிப்பார்கள், காயை யார் பறிக்கிறார்கள்... அப்புறம் நேற்று சோறு போடும்போது அவளே சொன்னாள், ஒரு விஷயத்தை ஒப்புக்கொடுக்கப் போகிறேன், பாஸ்டர் வீட்டுக்கு வருகிறார், நீங்களும் கூட இருக்க வேண்டும் என்று. என்ன விஷயம் என்றார். நாளைக்குத் தெரியும் என்றாள். பிறகு அவருக்குச் சோறு இறங்குமா? விடிந்ததும் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் செருகினார். திரும்பி நடந்து வரும்போதுதான் உறைத்தது, பத்திரத்தை ஒளிக்கலாம், கையெழுத்துப் போடுகிற கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

இப்போது ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டுமாம். விட முடியாமல் பிடித்திருப்பதை வாய்விட்டுச் சொல்லி ஆண்டவர் கையில் கொடுங்கள் என்கிறார் பாஸ்டர், குரலில் ஒரு பிசிறு இல்லை, பட்டி பூசித் தேய்த்த மாதிரி வழவழவென்று... மருமகள் தன் கோபத்தைக் கொடுத்தாள், வாங்கிக்கொள்கிறவர் பாடு. தரகர் தொண்டையைச் செருமி, என் சொந்தத் திட்டங்களை எல்லாம் ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே என்றார், மற்றவர்கள் திட்டங்களை மட்டும் கையில் வைத்துக்கொள்வார் போலிருக்கிறது. கிழவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு தலையைத் திருப்பியபோது பாஸ்டர் கண்ணைத் திறந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அவரும் மூடவில்லையா? மூடாமல் எவ்வளவு நேரமாகப் பார்க்கிறார்? ஒரு கணம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பாஸ்டர் லேசாகத் தலையை அசைத்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார், அந்தத் தலையசைப்புக்கு என்ன பொருள், பொறுத்துக்கொள் என்றா, மன்னித்துக்கொள் என்றா, இடம் கைக்கு வந்துவிட்டது என்றா... களைத்துப்போன முகம்தான். ஆனால் நிலம் வாங்குகிறவனுக்கும் களைப்பு வராதா என்ன.

மனைவியின் முறை. தலைத்துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். சொல்லிவிடாதே, சொல்லிவிட்டால் இந்த நாலு பேர் முன்னால் எழுந்து நின்று கத்த வேண்டிவரும், கத்துவேன், எனக்கென்ன, வெளியே போங்கள் எல்லோரும் என்று சொல்லுவேன், அவள் முகத்தில் அதற்கப்புறம் எப்படி விழிப்பது... அவள் தொடங்கினாள், மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல.

"ஆண்டவரே, கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த மனுஷனை நான்தான் திருத்தணும்னு நெனச்சேன். கெஞ்சினேன், சண்ட போட்டேன், பட்டினி கிடந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாங்கன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் வாய் வலிச்சிருச்சு, அவருக்கும் காது வலிச்சிருச்சு. இனிமே முடியாது. இவரை உங்க கையில கொடுத்துட்டேன். நான் கூப்பிட மாட்டேன், கேக்க மாட்டேன். நீங்க பாத்துக்கங்க."

அவ்வளவுதான். பாஸ்டர் ஆமென் சொல்லச் சற்றுத் தாமதமாயிற்று. தரகர்தான் முதலில் கண்ணைத் திறந்தார், திறந்து, ரொம்ப அன்பாக, வேற ஏதாவது பாரம் இருக்காக்கா என்று கேட்டார். இல்ல தம்பி, அது ஒண்ணுதான் கனமா இருந்துச்சு என்று அவள் எழுந்து டீ போடப் போய்விட்டாள். பாஸ்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பை மறைத்தாரோ, வேறு எதையோ, தெரியவில்லை. டீயைக் குடித்தார்கள், கும்பிட்டார்கள், கிளம்பினார்கள். வாசலில் தரகர் மட்டும் பட்டறை இருக்கிற திசையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு காரில் ஏறினார், அது கிழவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, ஓர் ஆளையாவது சரியாகத் தட்டிப் பார்த்திருக்கிறோமே. அவர் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப பட்டறை?"

"பட்டறைக்கு என்ன?"

"அதை யாரும் கேக்கலையா உன்னை?"

"தரகர் தம்பி ரெண்டு தரம் கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு உழைச்சுத் தேஞ்ச இடம், அதைக் கேக்காதீங்கன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்," என்றாள் டம்ளரைக் கழுவிக்கொண்டே. "பத்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்து வையுங்க, பெயின்ட் ஒட்டிக்கப் போகுது."

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது... பட்டறை பிழைத்தது, மகிழ வேண்டியதுதானே, ஏன் நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருக்கிறது, இடத்தைத்தான் பறிப்பார்கள் என்று இத்தனை நாளும் சுற்றிச் சுற்றிக் காவல் காத்தோம், இவள் ஆளையே தூக்கிக் கொடுத்துவிட்டாள், அதுவும் சும்மா, அதுவும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பழைய காரைக்கூட வாங்குகிறவன் வந்து பார்த்துவிட்டுத்தானே எடுத்துப்போவான்... அல்லது இதுவும் ஒரு தந்திரமா? விட்டுப் பிடிக்கிறாளா? பாஸ்டர் சொல்லிக்கொடுத்த வழியா? அவர் அவள் முதுகைப் பார்த்தார். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு டம்ளர்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், தோள் இரண்டும் இறங்கி, சுமையை இறக்கிவைத்த பெண்ணைப்போல, இவர் நிற்பதையே மறந்துவிட்டவளைப்போல. மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றார். கேட்கவில்லை. அவராகவே போய் எடுத்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார்... நாளைக் கழித்தால் ஞாயிற்றுக்கிழமை. வர மாட்டேன் போ என்று இனிமேல் யாரிடம் சொல்வது?