முப்பத்தெட்டு சென்ரிமீற்றர்

“கொஞ்சம்தான் தங்கச்சி. படி ஏறேக்கை மட்டும் நெஞ்சிலை ஒரு இறுக்கம். தேர் முடியட்டும், பிறகு பாப்பம்.”

“கொஞ்சமெண்டால் உங்கடை பல்கனியிலை ஏன் அண்ணை முப்பத்தெட்டு சென்ரிமீற்றர் பனி கிடக்குது?”

அன்று ஜூலை ஒன்பதாம் திகதி. ஒஸ்லோவில் இருபத்தேழு பாகை வெயில். அம்மருட் பகுதி அடுக்குமாடியொன்றின் ஐந்தாம் மாடியில், இரத்தினவேலின் பல்கனியில் மட்டும் அன்றும் காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேல்வீட்டில் துணி காய்ந்தது. கீழ்வீட்டுக்காரர் சட்டையில்லாமல் பத்திரிகை படித்தார். கேள்வி கேட்டவர் வட்டாரத்தின் வீட்டுத் தாதி சிறிதேவி. இரத்தினவேலின் மனைவி புஷ்பமலரின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தவர்.

இந்தப் பனி அம்மருட்டுக்குப் புதிதல்ல. எட்டு வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம் இங்கெர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையின் பல்கனியில் முதலில் விழுந்தது. கீழ்வீட்டில் ஒழுகுகிறதென்று குடியிருப்புச் சங்கம் அவருக்கு மூன்று கடிதங்கள் போட்டது. நான்காவது போனபோது அவர் உயிரோடு இல்லை. வயிற்றில் இருந்த கட்டியை அவர் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. நோய் வருத்தத்தை மறைப்பவர்களின் பல்கனியில்தான் பனி விழுகிறது, எவ்வளவு மறைக்கிறார்களோ அவ்வளவு ஆழமாக விழுகிறது என்பதைக் கண்டுகொண்டவர் சிறிதேவி. நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னால் தமிழர்கள் இரண்டு என்பார்கள். அதற்கு மேலே சொன்னால் டொக்டருக்குக் கரைச்சல் கொடுப்பதாகிவிடும். நோர்வேக்காரர்களும் இரண்டு என்றே சொன்னார்கள். சிறிதேவி ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்தார். வட்டார அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. குழு இரண்டு தடவை கூடிக் கோப்பி குடித்தது, நாற்பது மஞ்சள் அளவுகோல்கள் வாங்கியது, தாதிமாரின் படிவத்தில் இரத்த அழுத்தத்துக்குக் கீழே ‘பல்கனிப் பனி, செ.மீ.’ என்று ஒரு வரி சேர்த்தது. திராமன், துரொண்ட்ஹெய்ம் நகரங்களிலிருந்தும் படிவத்தின் பிரதி கேட்டு எழுதினார்கள்.

இரத்தினவேலுக்கு இதெல்லாம் தெரியும். பஸ் கராஜில் இருபத்திரண்டு வருடங்கள் ஒரு நாளும் சுகயீன லீவு எடுக்காத மனிதர் அவர். ஒரு வாரமாகப் பனியை அரிசி களையும் சட்டியால் அள்ளிக் குளியல் தொட்டியில் கொட்டிவந்தார். “பிரிட்ஜ் பழுது, ஐஸ் உருகுது எண்டெல்லோ எனக்குச் சொன்னவர்,” என்றார் புஷ்பமலர். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தேர். வடம் பிடிக்காமல் விடமாட்டேன் என்று இரத்தினவேல் பிடிவாதமாக நின்றார்.

“வடத்திலை கை வைச்சால் அங்கையே விழுவியள்,” என்று சொல்லிவிட்டுச் சிறிதேவி தொலைபேசியை எடுத்தார்.

ஒன்பது நிமிடத்தில் அம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் நோவு எவ்வளவு என்று கேட்டார். “இரண்டு,” என்றார் இரத்தினவேல். டொக்டர் தலையாட்டினார், படிவத்தில் முப்பத்தெட்டைப் பார்த்தார், மேலே ஒன்றும் கேட்காமல் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு மணி அடித்தார். இதயத்தின் மூன்று குழாய்கள் அடைத்திருந்தன. ஐந்து மணித்தியாலம் எடுத்தது. மூன்றாவது மணித்தியாலத்தில் அம்மருட்டில் பனி நின்றது. பல்கனியில் புதைந்திருந்த கறிவேப்பிலைக் கன்று தலை காட்டுகிறதென்று மேல்வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் காத்திருந்த புஷ்பமலருக்குத் தொலைபேசியில் சொன்னார். டொக்டர் வெளியே வந்து நல்ல செய்தி சொன்னது அதற்குப் பிறகுதான்.

பதினொரு மாதம் கழித்து, ஜூன் மாதக் காலையொன்றில், இரத்தினவேல் பல்கனியில் தேநீரோடு இருந்தார். எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது சிறிதேவியின் வீடு. முந்தின நாள் புஷ்பமலருக்குக் கட்டு மாற்ற வந்தபோது முகம் வாடியிருக்கிறதே என்று கேட்டதற்கு, “கொஞ்சம் களைப்புத்தான் அண்ணை,” என்று சொல்லியிருந்தார். அளவுகோலையும் மறந்து விட்டுப் போயிருந்தார்.

இரத்தினவேல் அதை எடுத்துக்கொண்டார், அரிசிச் சட்டியையும் எடுத்துக்கொண்டார். வீதியைக் கடந்து, மூன்று மாடியும் இறுக்கமில்லாமல் ஏறி, மணி அடித்தார். கதவு நாலு விரலளவு திறந்தது. அவருடைய கால்களில் குளிர் காற்று பட்டது.

“உள்ளுக்கை விடுங்கோ தங்கச்சி. ஒருக்கா அளந்து பாக்கிறன்.”