பேங்க் அம்மா இடம்

"யாரைக் கேட்டுடி என் இடத்துல உன் போர்வையைப் போட்டே?"

மொட்டைமாடியில் பேங்க் அம்மா போட்ட கூச்சலில் தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த காக்கையே இடம்பெயர்ந்தது. எதிரே, தையல்காரம்மாவின் மகள். கல்லூரியில் சமூகவியல், முதல் வருடம். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பாள், அதனால் அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ஏன்குட்டி என்றே பேர்.

எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கத்தை மீறிப் பார்த்துவிட்டு, நடந்ததை வகுப்பில் சொல்ல வேண்டுமாம். வாத்தியார் கொடுத்த வேலை. மாடிக் கொடியில் தொட்டிப் பக்கம் பேங்க் அம்மாவுக்கு, நடுவில் நர்ஸ் அக்காவுக்கு, வெயில் எட்டிப் பார்க்காத படியோரம் கடைசியாகக் குடிவந்தவர்களுக்கு. ஏன்குட்டி தன் போர்வையைத் தொட்டிப் பக்கம் போட்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதியாயிற்று.

ஹவுஸ் ஓனர் மூச்சிரைக்க ஏறி வந்தார், பின்னாலேயே தையல்காரம்மாவும் நர்ஸ் அக்காவும். "இந்த பில்டிங் வழக்கத்துக்கு ஒத்துவரலைன்னா வேற வீடு பாத்துக்குங்க!"

தையல்காரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆம்பளை இல்லாத வீடு என்று எத்தனையோ பேர் கதவைச் சாத்திய பிறகு கிடைத்த இரண்டு அறை இது. "மன்னிப்புக் கேளுடி" என்று மகளைக் கிள்ளினாள்.

ஏன்குட்டி பயந்துபோய் அதற்குத்தான் வாயைத் திறந்தாள். பிறவிக் குணம், வந்தது வேறு. "கேக்கறேன் சார். இந்த வழக்கத்தை வச்சது நீங்களா?"

"நானா? நான் இந்தக் கயித்தைத் தொட்டதே இல்லை. பேங்க் அம்மாவைக் கேளு."

"எனக்கென்ன தெரியும்? நர்ஸுதான் சொன்னா."

"ஐயோ அக்கா, நான் எங்க சொன்னேன்? நீங்க அங்க போட்டீங்க, நான் நடுவுல போட்டேன். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லலையே!"

பேங்க் அம்மா கொடியை அண்ணாந்து பார்த்தாள். "அப்போ இத்தனை வருஷமா காக்கா எச்சத்துக்கடியில எதுக்குத் துணி காயப்போட்டேன்? எனக்கு அந்த இடமே பிடிக்காதே!"

"பின்ன ஏங்க்கா சண்டைக்கு வந்தீங்க?" என்றாள் ஏன்குட்டி.

"பிடிக்காட்டி என்னடி? என் இடமாச்சே!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் அந்தக் கயிற்றையே பார்த்தார்கள். சமூகம் நமக்கு முன்பே, நமக்கு வெளியே நிற்கிறது. முட்டிக்கொண்டால்தான் அது இருப்பது தெரியும் என்று பழைய பிரெஞ்சு அறிஞர் ஒருவரின் கருத்தை வாத்தியார் சொல்லியிருந்தார். பரீட்சைக்காக உருப்போட்ட வரி. இப்போது ஏன்குட்டிக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வழக்கத்தை வைத்தவர் யாரும் இல்லை, அதற்குக் காவலும் இல்லை. ஆனாலும் அம்மாவைத் தெருவில் நிறுத்தும் பலம் அதற்கு இருந்தது. கடலை முதல்முறை பார்க்கும் குழந்தைபோல் அந்தக் கொடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

எந்த வழக்கத்தைச் சொல்லிக் காலி செய்யச் சொல்வது என்று ஓனருக்கும் புரியவில்லை. "சரி சரி, கீழ வேலை இருக்கு" என்று நழுவினார். வீடு தப்பியது.

இனி யார் எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று பெண்கள் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். மறுநாள் காலை பார்த்தால், தொட்டிப் பக்கம் பேங்க் அம்மா துணி, நடுவில் நர்ஸ் அக்கா துணி. ஏன்குட்டியின் கையும் யாரும் சொல்லாமலே படியோரம்தான் போயிற்று.

பிறகு பேங்க் அம்மா மாற்றலாகிப் போனாள். நர்ஸ் அக்கா மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு எதிர்த்தெருவுக்குப் போனாள். ஏன்குட்டிக்கு வாய்த்தவன் அவளைவிட அதிகமாக "ஏன்?" கேட்பவன், அந்த வீட்டில் உலை கொதிக்கிறதா என்பதே சந்தேகம். தையல்காரம்மா மட்டும் அதே இரண்டு அறையில். போன வாரம் புதிதாகக் குடிவந்த பெண் ஈரத்துணி வாளியோடு தொட்டிப் பக்கம் போனாள்.

"அங்க போடாதேம்மா," என்றாள் தையல்காரம்மா. "அது பேங்க் அம்மா இடம்."

எந்த பேங்க் அம்மா என்று அந்தப் பெண் கேட்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு படியோரம் போனாள்.