போதகர் ஜெக்கரியாவின் முதல் செமஸ்டர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் போகும் காலைப் பாசஞ்சரில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. நாற்பதைத் தாண்டிய மனிதர், காதோரம் நரை, மடியில் வரைபலகை. பையனுக்கு எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"எனக்குத்தான் சார். சிவில், முதல் வருஷம்."

அதற்கு முன் தரங்கம்பாடிப் பக்கம் ஒரு சபையில் போதகராக இருந்ததாகச் சொன்னார். கும்பகோணம் வருவதற்குள் இதை எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன். அவரிடம் அனுமதி கேட்டது அதற்கப்புறம்தான். (ஜெக்கரியா என்ற பெயரே இருக்கட்டும் என்றார். சபையின் பெயரை நான் விட்டுவிட்டேன்.)

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "அந்த ஐப்பசி மழையில் சுவர் இடிந்து விழுந்து சபையின் மூத்தவர் ஒருவர் இறந்தபோது, போதகர் ஜெக்கரியா வானத்தைப் பார்த்து —"

அங்கேயே நிறுத்திவிட்டேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் பக்கம் பக்கமாக எழுதினேன். மறுநாள் ரயிலில் அவரிடமே படித்தும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சுவரே விழல சார். யாரும் சாகவும் இல்ல. நான் படிக்கப் போறதுக்கு நீங்க ஏன் ஒருத்தரக் கொல்றீங்க?"

காரணம் இல்லாவிட்டால் வாசகர் நம்பமாட்டார் என்றேன். அப்போதுதான் நடந்ததைச் சொன்னார்.

தேவாலயத்துக் கூரையை மாற்றும் வேலை சில மாதங்கள் நடந்தது. மேற்பார்வை அவருடையது. சாரத்தில் ஏறி நின்றுகொண்டு, எந்த உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும், ஏன் தாங்கும் என்று பொறியாளரைக் குடைந்துகொண்டே இருந்தார். பிளஸ் டூவில் கணக்குப் பிரிவு படித்தவர். சாரத்தைப் பிரித்த அன்று எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தார்கள். நாளை முதல் அந்த வேலை இல்லையே என்று அழுதார். அதன் பிறகு பிரசங்கத்தின் நடுவே கண் மேலே கூரைக்குப் போகத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்ல வந்த வசனமே மறந்து நின்றார்.

அவ்வளவுதான் காரணம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டேன், எல்லாரும் கேட்டதுதான்.

"கடவுள விடல சார். வேலையத்தான் விட்டேன். ரெண்டும் ஒண்ணுன்னு எங்கம்மாவே நெனைக்கிறப்ப, மத்தவங்களுக்கு என்ன சொல்றது?"

3

அம்மா எஸ்தரம்மாள். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு, அடுத்தது பிழைத்தால் தேவ ஊழியத்துக்கு என்று பொருத்தனை செய்து பெற்ற பிள்ளை இவர். போதகரான நாளிலிருந்து பெற்ற மகனை "ஐயா" என்றுதான் கூப்பிட்டாள். வேலையை விட்டதை மனைவி ஞானசுந்தரியோடு போய்ச் சொன்னபோது அம்மா சோற்றுப் பானையைத் திறந்தாள். தட்டில் சோற்றைப் போட்டாள்.

"சாப்பிடு ஜெக்கரியா."



ஞானசுந்தரி பள்ளிக்கூட ஆசிரியை. இதையும் பாதியில் விட்டுவிட்டு வருவீர்களா என்று மட்டும் கேட்டாளாம். தெரியாது என்றார். பொய் சொல்லவில்லை என்பதால் சம்மதித்தாளாம்.

(இந்த இடத்தில் ஞானசுந்தரியை நான் ரொம்பவும் நல்லவளாக்குகிறேனோ? போதகர் இல்லத்தைக் காலி செய்த அன்று அவள் கணவரோடு பேசவே இல்லை. பூட்டிய சாவியை அவர் நீட்டிய கையில் கொடுக்காமல், நேராகப் போய்ச் சபைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். இதுவும் இருக்கட்டும்.)

4

கல்லூரியில் பிள்ளைகள் "அங்கிள்" என்றார்கள். கணக்குப் பாடம் எடுத்த குந்தவை மேடம் அவரைவிட மிகவும் இளையவர். இவர் சந்தேகம் கேட்க எழுந்தால், "உக்காந்தே கேளுங்க சார்" என்பாராம். இவருக்கு அது தன்னை மற்றவர்களிடமிருந்து பிரித்து உட்காரவைத்ததுபோல் இருந்தது.

(யாருக்கும் வராத கணக்கை ஜெக்கரியா கரும்பலகையில் போட்டுக் காட்ட, வகுப்பே எழுந்து — இந்த வரியை அடித்துவிட்டேன். அவருக்கும் அந்தக் கணக்கு வரவில்லை.)

முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தது.

5

அந்த வாரம்தான் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. தனியாகப் போனார். அம்மா சுருண்டு படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஜெபம் பண்ணு" என்றாள்.

"நான் இப்ப போதகர் இல்லம்மா."

"போதகரையா கூப்பிட்டேன்? காய்ச்சல் எனக்கு. நீ பண்ணு."

எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்தவர். வார்த்தைகள் தாமாக வரிசையில் வரும். அன்று ஒன்றும் வரவில்லை. முழங்காலிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியாகணும், அம்மாவுக்கு உடம்பு சரியாகணும் என்றே திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டு ஆமென் போட்டார். போதகர் வேலைக்குச் சேர்ந்த பிறகு இப்படி ஜெபித்ததே இல்லை என்றார் என்னிடம்.

அம்மா கண்ணைத் திறக்காமலே பரீட்சை என்னாயிற்று என்று கேட்டாள். கணக்கில் போய்விட்டது என்றார்.

"அதையும் சேத்துக் கேட்டிருக்கலாமே, தம்பி."

ஐயா இல்லை, ஜெக்கரியா இல்லை. சின்ன வயதில் கூப்பிட்டது. இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு பாபநாசம் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

6

கதையை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அரியர் பாக்கி இருக்கிறது. பரீட்சையை மறுபடி எழுதிவிட்டார், ரிசல்ட் இன்னும் வரவில்லை.

தேறினார் என்று எழுதினால், அவர் செய்தது சரி என்பீர்கள். தேறவில்லை என்று எழுதினால், பொருத்தனையை மீறினால் இப்படித்தான் என்று உங்களில் சிலராவது சொல்வீர்கள். ஒரு மனிதர் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டது சரியா என்பதை ஒரு கணக்குத் தாளிடம் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. அதனால் இரண்டு முடிவுகளையும் எழுதி வைத்துக்கொண்டு இன்று காலை அவரிடமே கேட்டேன், எதைப் போடட்டும் என்று.

"ரெண்டும் வேணாம் சார். தேறலன்னா மறுபடி எழுதுவேன். தேறினா அடுத்த பேப்பர் இருக்கு. இதுல முடிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

வண்டி தஞ்சாவூருக்குள் நுழைந்தது. நிற்பதற்கு முன்பே வரைபலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்குப் போய்விட்டார். கல்லூரிப் பேருந்து காத்திருக்காதாம். கூட்டத்தில் கொஞ்ச நேரம் பலகை மட்டும் தெரிந்தது.

நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் அவரோடு போவதானால் சீக்கிரம் நடக்க வேண்டும்.