கட்டுத்தரைச் சீலை

முழங்கை வரைக்கும் வாளிக்குள் இருக்கிறது கை, ஊறிய கடலைப் புண்ணாக்கின் கட்டிகளை விரல்கள் தேடித் தேடி நசுக்குகின்றன, பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பால், தவிடு, கைப்பிடிக் கல்லுப்பு, மாட்டு டாக்டர் கொடுத்த தாது உப்பு, எல்லாம் ஒன்றாகக் கரைய வேண்டும், ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் செவலை மூக்கைச் சுளித்து வாளியை முட்டித் தள்ளிவிடும், அதன் சூடான மூச்சு என் பிடரியில் படுகிறது, இது எந்தக் காலை என்று எனக்கே தெரியவில்லை, எல்லாக் காலையும் இந்த வாளிதான், எல்லாச் சாயங்காலமும் இந்த வாளிதான், மழை பெய்தாலும் காய்ச்சல் அடித்தாலும் இந்த வெந்தயக் கலர் நூல் சீலையைக் கொடியிலிருந்து உருவிக் கட்டிக்கொண்டு கட்டுத்தரைக்கு வந்துவிடுவேன், நல்ல சீலையோடு இங்கே வந்தால் சாணியும் மாட்டு வாயில் வழியும் சளுவாயும் பட்டு ஒரே நாளில் கந்தலாகிவிடும், அதனால் கட்டுத்தரைக்கென்று ஒரு சீலை, கிழிந்தால் ஒட்டுப்போட்டு அதே சீலை.

சந்தையிலிருந்து மாட்டைப் பிடித்து வந்த அன்றைக்கும் இந்தச் சீலையில்தான் நின்றேன், அப்போது புதுசு, செவலை அன்று யார் கொடுத்தும் தின்னவில்லை, என் வீட்டுக்காரர் இதே மாதிரி கரைத்து வைத்துத் தண்ணி காட்டினார், மாமியார் காட்டினார், புல்லைப் போட்டுப் பார்த்தார்கள், தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது, மறுநாளும் அப்படியே, வயிறு ஒட்டிப்போய்விட்டது, நான்தான் ஒரு துண்டு வெல்லத்தை நுணுக்கித் தவிட்டில் பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன், சொரசொரவென்று நக்கியது பார், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று, எம்பட மருமக கையில என்னமோ இருக்குதுங்கொ என்று மாமியார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள், எனக்கும் பெருமை தாங்கவில்லை, பொய் சொல்வானேன், கலியாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் என்னை ஒருத்தர் மெச்சியது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் அது என் கையில் மட்டும்தான் தின்றது, தின்றால்தான் பாலை இறக்கும், பால் இறக்கினால்தான் கறவைக்காரர் கேன் நிறையும், ஆகவே மாடு கட்டிக்கிடந்தது, நானும் கட்டிக்கிடந்தேன், கலியாண வீட்டில் தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்காராமல் ஓடி வருவேன், ஏனாத்தா அதுக்குள்ள என்பார்கள், தண்ணி காட்டோணும் என்பேன், கோயில் நோம்பியா, காலைத் தண்ணிக்கும் சாயங்காலத் தண்ணிக்கும் நடுவில் பார்த்தால் உண்டு, அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை உடனே வா என்று அண்ணன் போன் செய்தபோதும் கையில் இதே வாளிதான், சாயங்கால நேரம், வீட்டுக்காரர் சொன்னார், மாட்டுப் பண்டம் வெறும் வயித்துல கெடந்தா படுத்துக்கும், காத்தால தண்ணி காட்டிப்போட்டு மொதப் பஸ்ஸுக்குப் போ, அம்மா எங்க ஓடியா போறாங்க, அம்மா அந்த ராத்திரியே போய்விட்டாள், நான் போனபோது நெற்றியில் காசு வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள், பெண்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், எனக்கு அழுகை வரவில்லை, செவலை தின்றிருக்குமா, தின்றிருக்குமா என்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, மூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஓடி வந்தேன், பாரு, நீ போனதுலருந்து வாயே வெக்கல, எலும்பு தெரியுது பாரு என்றார் அவர், எனக்கு எலும்பு எதுவும் தெரியவில்லை, ஆனால் அவர் சொன்னதும் தெரிகிற மாதிரி இருந்தது, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதேன், அம்மாவுக்கு அழாத அழுகையையெல்லாம் மாட்டுக்கு அழுதேன்.

அதே கழுத்து, அதே மூச்சு, கன்று போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது செவலைக்கு, கோகிலா வயிற்றுப்பிள்ளையோடு திருப்பூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், என் ஒரே மகள், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஊர் முறை, நீ என்னயப் பாப்பியா மாட்டப் பாப்பியா என்று கேட்டுவிட்டு அவள் வரவே இல்லை, மாமியார் வீட்டிலேயே இருந்துகொண்டாள், இன்றைக்கு விடியற்காலையில் மருமகன் போன், வலி வந்துருச்சுங்கத்தே, பிரஷர் அதிகமா இருக்குதுங்றாங்க, ஆப்ரேசன் பண்ணோணுமாம், பயமா இருக்குதுங், பின்னாலிருந்து அவள் குரல், அம்மா, தண்ணி காட்டிப்போட்டுத்தான வருவே, கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

போகட்டுமாங்க என்று வீட்டுக்காரரைக் கேட்கிறேன், வாளிக்குள் கை கரைத்துக்கொண்டேயிருக்கிறது, பச்ச ஒடம்புக்காரி மாடு, ரெண்டு வேள தீனி எடுக்கலீன்னா அப்பறம் எந்திரிக்காது, டாக்டரே சொல்லிருக்காரல்ல, சாயங்காலம் தண்ணி காட்டிப்போட்டுப் போ, அங்க டாக்டருங்க இருக்காங்க, சம்பந்தியம்மா இருக்காங்க என்கிறார், அன்றைக்குச் சொன்ன அதே குரல், அதே நிதானம், கட்டுத்தரையின் தகரக் கூரை தலையில் இறங்கிய மாதிரி இருக்கிறது, போடா என்று இந்த வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போகலாம், ஆனால் மாடு செத்தால், வாயில்லாத சீவன், என்னை நம்பித்தானே நிற்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாக்கா சீம்பால் கொடுத்தனுப்பிய போசியைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தாள், என் முகத்தைப் பார்த்து விசாரித்தாள், சொன்னேன், அட இதுக்கா உசுர விடறே, உங்கம்மா எழவுக்கு நீ போனப்ப உம்பட சீலையச் சுத்திக்கிட்டு இவருதான தண்ணி காட்டுனாரு, வேலியோரமா நின்னு நாஞ் சிரிச்ச சிரிப்புல வகுறே வலிச்சுப் போச்சு, மாடு மடக்கு மடக்குன்னு குடிச்சுதே, உனக்குத் தெரியாதா ஆத்தா என்றாள்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன், அவர் கட்டுத்தரைத் தூணைப் பார்த்தார், மொத நாளு முழுக்கத் தின்னல, வேற வழி தெரீல, கொடில கெடந்துச்சு, சுத்திக்கிட்டுப் போனன், தின்னுச்சு என்றார், பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன், சீலையக் கட்டுனேன்னு ஊருக்குள்ள தண்டோராப் போடச் சொல்றியா, ஆம்பளைக்கு ஒரு இது இல்லியா என்றார், ஒரு ஆம்பிளையின் வெட்கத்துக்காக அம்மா போன இந்த நாலு வருஷமும் நான் இங்கே கட்டிக்கிடந்தேனா, என் மகள் தாய்வீடு வேண்டாம் என்றாளே, அது இதற்காகவா, பாவி மனுஷா, பாவி மனுஷா.

கையை உதறிவிட்டு உள்ளே போனேன், கோகிலா கலியாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டினேன், ஆஸ்பத்திரிக்குப் பட்டா என்று மனசு கேட்டது, கையில் கிடைத்தது அதுதான், உருவிய நூல் சீலையைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டேன், கட்டுங்க என்றேன், மயிலா நிக்குதே என்றார், நிக்கட்டும், ஊரே வந்து நிக்கட்டும், கட்டுங்க, வேட்டிக்கு மேலேயே சுற்றி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார், அக்கா இந்தத் தடவை சிரிக்கவில்லை, அவர் கை முழங்கை வரைக்கும் வாளிக்குள் போயிற்று, செவலை முகர்ந்து பார்த்தது, வாயை வைத்தது, மடக் மடக் மடக்.

போகிறதற்கு முன்னால் அதன் நெற்றியைத் தடவிக் கொடுக்கலாமென்று கிட்டே போனேன், பட்டு சரசரத்ததும் கண்ணை உருட்டிப் புஸ்ஸென்று சீறிக்கொண்டு பின்னால் போயிற்று, யாரோ அசலார் வந்த மாதிரி, அவர் முந்தானைக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டது, என்னை, இத்தனை வருஷமாகக் கரைத்து ஊற்றிய என்னை, நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ் ஏறி கோகிலாவுக்குப் போன் செய்தேன், இன்னும் உள்ளே கூட்டிப் போகவில்லையாம், அவளே எடுத்தாள், வந்துட்டிருக்கேன் கண்ணு, ஒண்ணும் ஆகாது, நா இருக்கேன் என்றேன், மாடும்மா என்றாள் மெல்ல, அது தின்னுக்கிட்டு நிக்குது சாமி என்றேன், சொல்லி முடிக்கவில்லை, பொத்துக்கொண்டு வந்தது அழுகை, பக்கத்து சீட்டில் இருந்த பெண் ஏனுங் என்னாச்சுங் என்று என் கையைப் பிடித்தாள், எங்கம்மா செத்துப்போயிட்டாங்க என்றேன்.